அருவிக்கு மேல் முதலை

"மூணு வாரம் போயிட்டு வெறுங்கையோடவா வந்தீங்க?"

வைதேகி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். எதிரே நின்ற விக்னராஜா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"ஓம், டொக்டர். கொண்டு வரேல்லை."

"ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஒரே ஒரு முதலை!"



அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தில் அவளுக்கு மூன்று வருட ஆராய்ச்சி வேலை. 1976 டிசம்பரோடு முடிகிறது. இன்னும் மூன்றே மாதம்.

வடக்கே ஓர் அருவிக்கு மேலே, மலை மடுக்களில், நாலடிக்கு மேல் வளராத குள்ள முதலை இருப்பதாக ஒரு வனக்காவலர் எழுதியிருந்தார். அருவிக்குக் கீழே இருக்கும் சொந்தபந்தத்தோடு கலக்க வழியில்லாமல், ஆயிரமாயிரம் ஆண்டுகள் தனிக்குடித்தனம் நடத்தி, அது வேறு இனமாகவே ஆகியிருக்கும் என்பது வைதேகியின் ஊகம். உலகம் முழுக்கத் தேடினாலும் முதலையில் இருபத்துச் சொச்சம் இனம்தான். அதில் புதிதாக ஒன்றுக்குப் பெயர் வைத்தவளை எவன் வீட்டுக்கு அனுப்புவான்?

ஆனால் பெயர் வைக்க போட்டோ போதாது. அதில் ஒன்றைக் கொன்று, ஸ்பிரிட்டில் போட்டு, அருங்காட்சியகத்தில் வைத்தாக வேண்டும். அதற்குத்தான் அரசாங்க அனுமதி வாங்கி, விலங்குகளைப் பிடித்துப் பதப்படுத்தும் வேலையில் இருந்த விக்னராஜாவை அனுப்பினாள்.

"அங்க போய் மீன் பிடிச்சுட்டு உக்காந்திருந்தீங்களா?"

"மீனும் பிடிச்சனான். சமைக்க வேணுமே."

சொல்லிவிட்டு ஒரு கொப்பியை, தன் குறிப்பு நோட்டை, மேசையில் வைத்தார். "எல்லாம் இதில எழுதியிருக்கிறன். நீங்கள் வாசியுங்கோ. நான் போய்ட்டு வாறன்."

அவர் தலை மறைந்ததும் வைதேகி முதல் காரியமாக இயக்குநருக்குப் புகார் எழுதினாள். 'பொறுப்பில்லாதவர்' என்ற சொல்லுக்கு அடியில் கோடும் போட்டாள். பிறகுதான் கொப்பியைத் திறந்தாள்.

அங்கே எல்லாரும் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம். இவர் ஆதியோடந்தம் தமிழில் எழுதியிருந்தார். அதற்கும் சேர்த்துப் பல்லைக் கடித்தாள்.

பதினெட்டு நாள் நடை. பதினொரு மடு. பத்தும் காலி. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'பதினோராவது மடு. இரண்டு நிற்குது. ஆண் ஒண்டு, பெண் ஒண்டு. பெண் மணலில முட்டை இட்டு மூடியிருக்கு. வேறெங்கும் இல்லை. சுடுவமெண்டு துவக்கை எடுத்தனான். திருப்பி வைச்சிட்டன்.'

வைதேகி அதை மூன்று தரம் படித்தாள். இரண்டில் எதைக் கொன்றாலும் பெயர் வைத்துவிடலாம். அப்புறம் பெயர்தான் மிஞ்சும். அவளுக்கு அழுகை வந்தது. தனக்காகவா, அந்த ஜோடிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவைத் தட்டிவிட்டு இயக்குநர் வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். அவள் வேலை நிலைக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர்.

"விக்னராஜாவை வழியில் பார்த்தேன். மனசைத் தளரவிடாதே. அனுமதி முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. சின்ன அடையாளம் கிடைத்திருந்தாலும் சொல், நாளைக்கே வேறு ஆளை விமானத்தில் அனுப்புகிறேன்" என்றார். கொப்பியை எடுத்துப் புரட்டினார். "இது உங்கள் மொழியா? கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்?"

அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அது வைதேகிக்கு அப்போதுதான் உறைத்தது.

புகார்க் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"பதினொரு மடுவும் காலியாம், சார்" என்றாள்.