ரெண்டாம் டிகாஷன்

ரெண்டாவது மணியிலேயே அப்பா போனைக் கட் பண்ணினார்.

காளீஸ்வரிக்கு இது புதிதில்லை. கிறிஸ்தவனான பென்சனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ரெண்டு வருஷமாக இதே கதைதான். அப்பா மாரிசாமி இருப்பது ரெண்டு தெரு தள்ளி. தினமும் காலையில் அவள் கூப்பிடுவாள். தினமும் அவர் கட் பண்ணுவார்.

“வேதக்காரனைக் கட்டுனதுக்கு இம்புட்டு நாளைக்கா கோவம் இருக்கும்?” என்றான் பென்சன், மில்லுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே.

“எங்கப்பாவைப் பத்தி நீங்க பேசாதீங்க.”

அதற்குள் வாசலில் குரல்.

“தாயி, டிகாஷன் இறங்கிருச்சா?”

பால் ஊற்றுகிற வெள்ளத்தாய். காளீஸ்வரி பல்லைக் கடித்தாள்.

நாலு மாதமாக இது ஒரு தொல்லை. அரை லிட்டர் பாலை அளந்து ஊற்றியதும், பையிலிருந்து சின்னத் தூக்குவாளி ஒன்றை எடுத்து நீட்டுவாள்.

“டிகாஷன் மட்டும் போதும். பாலுக்கு எனக்கென்ன பஞ்சம்?”

சிரிப்பு வேறு.

“அக்கா, எனக்கு ஏழு நாப்பது பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர அஞ்சு நிமிசம் பிந்தினாலே வக்கீல் சார் கடிகாரத்தைப் பாக்காரு.”

“செத்த நேரம்தான. ஏட்டி, சீனி தூவித்தான போட்ட?”

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஓசியில் வாங்குகிறவளுக்கு விசாரணை என்ன வேண்டிக்கிடக்கிறது? பொடி போடுவதற்கு முன்னால் ஃபில்டரின் அடியில் ஒரு சிட்டிகை சீனி தூவுவது சின்ன வயசிலிருந்தே காளீஸ்வரியின் பழக்கம். அது இவளுக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியாக அடுப்படியை எட்டிப் பார்த்திருப்பாள்.

தூக்குவாளியில் ஊற்றியது போக மிச்சம் பென்சனுக்கே சரியாகிவிட்டது. காளீஸ்வரிக்குக் கிடைத்தது பாலில் நிறம் காட்டின அரைத் தம்ளர்.

“கேட்டா கொடுத்துட்டுப் போயேன்” என்றான் பென்சன், தன் தம்ளரை ஆற்றியபடி.

“கொடுக்கேன். நாளையிலருந்து உங்க பங்குல கொடுக்கேன்.”

மறுநாள் அவள் ஒரு முடிவோடு எழுந்தாள். முதலில் இறங்கிய டிகாஷனை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். அதே பொடியில் இன்னொரு தடவை வெந்நீரை ஊற்றினாள். விறுவிறுவென்று இறங்கியது, நீர்த்த கட்டன் சாயா மாதிரி.

“இந்தாங்க அக்கா. இன்னைக்கு நிறையவே இருக்கு.”

தூக்குவாளி நிரம்பியது.

“மகராசியா இரு” என்று வெள்ளத்தாய் போனாள்.

அன்றைக்குத்தான் காளீஸ்வரி ஒரு முழுத் தம்ளர் காப்பி குடித்தாள். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. ஆனாலும் அந்த ‘மகராசி’ மட்டும் டிக்கெட் எடுக்கிற வரைக்கும் கூடவே வந்து உறுத்தியது. உறுத்தட்டும். கேட்டால் சொல்வதற்குப் பதிலும் யோசித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் வெள்ளத்தாய் வந்தாள். பாலை ஊற்றினாள். டிகாஷன் கேட்கவில்லை. தூக்குவாளியையும் நீட்டவில்லை. கையை முந்தானையில் துடைத்துவிட்டு, காளீஸ்வரியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“என்னக்கா செய்றிய?”

“சுடல. நேத்தே ஒருக்க வந்தேன், வீடு பூட்டிக் கிடந்துச்சு.”

காளீஸ்வரி கையை விலக்கினாள். “டிகாஷன் பிடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க.”

“எனக்கு என்ன தெரியும் தாயி? காப்பி குடிச்சா எனக்கு நெஞ்சு எரியும். தொடுறதே இல்ல.”

“பொறவு நாலு மாசமா யாருக்கு வாங்கிட்டுப் போறிய?”

வெள்ளத்தாய் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ மாரிசாமி அண்ணாச்சி. நேத்து ஒரு வாய் குடிச்சதும் தம்ளரைக் கீழ வச்சிட்டாவ. ‘எம்பிள்ளைக்கு மேலுக்கு முடியல போல, போய் நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு வா’ன்னு என்னைய விரட்டுதாவ.”