சொல்லும் முறை

குளுவாங் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சாருமதி, தீராத நோயுள்ளவர்களைப் பராமரிக்கும் மேற்படிப்பில் சேர்ந்ததிலிருந்து வீடே வகுப்பாகிவிட்டது. கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று தினமும் ஒத்திகை. கணவன் ரூபேந்திரன் இதுவரை நூறு தடவையாவது சாகப்போகிற நோயாளியாகவோ, செத்தவரின் உறவினராகவோ ஆகியிருப்பான்.

அன்று அவள் உள்ளே நுழைந்ததும் டிவியை அணைத்தான். அவள் கைப்பேசியையும் வாங்கி அணைத்தான்.

"இருங்க, தம்பி இன்னும் மெசேஜ் போடல. சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சு எல்லைப் பாலம் தாண்டினதும் போடுவானே."

"அப்புறம் பாக்கலாம். உக்காரு."

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, டிஷ்யூ பெட்டியை நடுவில் வைத்தான். சாருமதிக்குச் சிரிப்பு வந்தது.

"அலமாக்! இன்னிக்கு நீங்க நர்ஸா? சரி, ஆரம்பிங்க லா."

"ஒரு கெட்ட சேதி சொல்லணும்."

"கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தான்.

"நம்மள விட்டுட்டு..."

"தப்பு! சுத்தி வளைக்கக் கூடாது. பேரச் சொல்லி, இறந்துட்டாருன்னு நேரா சொல்லணும். எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்?"

ரூபேந்திரன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"முகிலன் இறந்துட்டான், சாரு. பாலத்துல அவன் மோட்டார்சைக்கிள்ல லோரி மோதிருச்சு."

அவள் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

"விளையாட்டுக்குக்கூட என் தம்பி பேரச் சொல்லாதீங்க."

சொல்லி முடித்தபின் வாய் திறக்கக் கூடாது, கேட்டவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருக்க வேண்டும் என்பது அவள் கற்றுக்கொடுத்த கடைசிப் பாடம்.

ரூபேந்திரன் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.