ரிஃபார்மிஸ்ட் மாப்பிள்ளை

"வேண்டாங்க மாமா, அந்த மாட்டை அவுக்காதீங்க!" என்று வாசலிலேயே பதறினான் தேவசிகாமணி. "எனக்கு அது வேண்டவே வேண்டாம்!"

கயிற்றைப் பிடித்தபடி நின்ற மாதேஸ்வரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி காட்டத்தானுங்க ரைட்டரே அவுக்கறேன். உள்ள வாங்க."

ஆரம்பமே அசடு வழிந்தாயிற்று. ஆனால் கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்துக்குப் பெண் கேட்டு வந்தவன் இதற்கெல்லாம் கூச்சப்பட முடியுமா?

சேலத்திலிருந்து காபி எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் ரைட்டராக வந்தவன் அவன். பழம் பறிக்க வரும் கண்ணாயியைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுக்கும் இஷ்டம்தான், "எங்கப்பன வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். அப்பன் மாதேஸ்வரன் தலையாட்டாவிட்டால் கண்ணாயி கிடையாது.

பாயில் உட்கார்ந்தான். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களிடம் ஒத்திகை பார்த்த வசனத்தை எடுத்துவிட்டான். "மாமா, நான் ஒரு ரிஃபார்மிஸ்ட்."

"அது ரைட்டருக்கு மேல உத்தியோகமுங்களா?"

"உத்தியோகம் இல்லீங்க. பழைய வழக்கத்தை மாத்தணும்னு போராடறவனுக்கு அந்தப் பேரு."

ரிஃபார்மர் என்றும் சொல்லலாம்தான். ஆனால் 'மிஸ்ட்' என்று முடிந்தால் ஒரு மிடுக்கு வருவதாக அவன் நினைப்பு. அகராதியில் கண்டுபிடித்த நாளிலிருந்து சலூன் கடை வரை சொல்லிப் பார்த்துவிட்டான். இதுவரை அவன் போராடி மாற்றியது மெஸ்ஸில் காலைச் சட்னி ஒன்றைத்தான்.

"ஆரை வேணும்னாலும் அப்படிக் கூப்பிடலாமுங்களா?" என்று கேட்டாள் கண்ணாயியின் அம்மா வெள்ளையம்மாள்.

"அதெப்படி? சும்மா பேசறவனைச் சொல்லக்கூடாது. தன் ஊட்டுல செஞ்சு காட்டறவனைத்தான் சொல்லணும்."

"அப்ப நீங்க என்னத்த மாத்தப் போறீங்க?"

இதற்குத்தானே காத்திருந்தான்! எழுந்தே நின்றுவிட்டான். "கல்யாணத்துல பணம் கைமாறற வழக்கத்தை! என் கல்யாணத்துல பத்துப் பைசா கைமாறாது. கேவுரு, ஆடு, மாடு, எதுவும் கூடாது. பொண்ணு என்ன சந்தைச் சரக்குங்களா?"

மாதேஸ்வரன் முகம் சுருங்கிப்போனது. "மூத்தவளுக்கு எல்லாம் முறைப்படி நடந்துச்சுங்க. வெளிய நிக்கற மாடுகூட அப்ப வந்ததுதான். நாளைக்கு ஊர்ல நாலு பேரு கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்?"

அடப் பாவமே, கௌரவம் பார்க்கிறார் என்று தேவசிகாமணி உருகினான். "என் தலையில போடுங்க மாமா. மாப்பிள்ளை ரிஃபார்மிஸ்ட், பிடிவாதக்காரன்னு சொல்லிடுங்க."

"பேருக்குக் கொஞ்சமாச்சும்..." என்று இழுத்தாள் வெள்ளையம்மாள்.

"மூச்! ஒரு படி கேவுருகூடக் கிடையாது!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாதேஸ்வரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவசிகாமணி தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். சேலத்தில் அவன் அம்மா ஓர் இடத்தில் பதினைந்து பவுனும், புக் செய்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஸ்கூட்டரும் பேசி வைத்திருந்தாள். அத்தனையையும் உதறிவிட்டல்லவா மலையேறி வந்திருக்கிறான்! இந்த மனசு யாருக்கு வரும்?

கதவுக்குப் பின்னால் நின்ற கண்ணாயி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. காலில் விழப்போகிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் வேண்டாம் கண்ணு" என்று தடுக்க இவன் கையைத் தயாராக நீட்டினான்.

அவள் விழவில்லை.

"குடுக்க மனசில்லீன்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள் கண்ணாயி. "எங்க மலையில மாப்பிள்ளைதானுங்க பொண்ணு ஊட்டுக்குப் பரியம் குடுக்கோணும்!"