இரண்டாவது பிளாக்

"அது வேண்டாம்மா, வேற கேஸ் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

நான் ஸ்லைடை ஸ்கேனருக்குள் தள்ளிவிட்டேன். ஆறு வருடமாக இந்த மனிதரிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இன்றைக்கு மட்டும் என்ன, சொன்ன பேச்சைக் கேட்பது?

புது மெஷினுக்கு எங்கள் லேபில் மாப்பிள்ளை என்று பெயர். தனி அறை, ஏசி, தூசு படக்கூடாது, யாரும் முகம் சுளிக்கக்கூடாது. புற்றுநோய்த் திசுவைத் திரையில் பெரிதாக விரித்து, செல்களை ஒன்று விடாமல் எண்ணிச் சொல்லும். பழுப்பு என்றால் பெருகுகிற செல். நீலம் என்றால் அடங்கிக் கிடப்பது. நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்பதுதான் விஷயம்.

மாப்பிள்ளை ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்க்க, டாக்டர் முன்பு கண்ணால் எண்ணிய பழைய ஸ்லைடுகளை எடுக்கச் சொன்னார்கள். பட்டியல் போட்டது நான். அதில் அக்காவுடையதைச் சேர்த்ததும் நான்.

அன்று டாக்டர் எண்ணி எழுதியது ஏழு. இருபதைத் தாண்டியிருந்தால் கடுமையான மருந்து ஏற்றியிருப்பார்கள். ஏழுதானே என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டே வருடம். அக்கா போய்விட்டாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவர் ஏனோதானோவென்று எண்ணிவிட்டார் என்று அப்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தப்பு செய்யாதவர் மறுக்காமல் இருப்பாரா?

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

திரையில் அக்கா விரிந்தாள். நீலம், நீலம், அங்கங்கே ஒரு பழுப்பு. மாப்பிள்ளை எண்ணி முடித்தது.

ஏழு புள்ளி இரண்டு.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்லைடு தட்டில் அதே கேஸ் எண்ணோடு இன்னொன்று இருந்தது. அக்காவுக்கு நான் சாயமேற்றிய ஸ்லைடு ஒன்றே ஒன்றுதான். இது எங்கிருந்து வந்தது?

டாக்டர் அதை எடுக்கக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு அதையும் உள்ளே தள்ளினேன்.

திரையில் எங்கு பார்த்தாலும் பழுப்பு.

நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

வெளியே வந்த ஸ்லைடைத் திருப்பிப் பார்த்தேன். டாக்டரின் பென்சில் எழுத்து. 'இரண்டாவது பிளாக். நாற்பது.' கீழே தேதி. அக்கா போன மறுவாரம்.

ஸ்லைடைத் தட்டில் வைத்தேன்.

அக்காவின் திசு எங்களிடம் இரண்டு துண்டாக, இரண்டு மெழுகு பிளாக்குகளில் இருந்தது. அக்காவுடையது, மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றுவதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். முதல் பிளாக் கத்திக்கு வழுவழுவென்று வந்தது. இரண்டாவது ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அக்காவுடையது கிழிசலும் மடிப்புமாக இருக்கக்கூடாது என்று முதல் பிளாக்கை மட்டும் போட்டேன். அத்தனை அழகான ஸ்லைடை அதற்குப் பிறகு நான் போட்டதே இல்லை.

டாக்டர் அதைத்தான் எண்ணினார். சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

அப்புறம், எல்லாம் முடிந்த பிறகு, தனியாக உட்கார்ந்து இரண்டாவதையும் வெட்டி எண்ணியிருக்கிறார். எண்ணிவிட்டு, ஆறு வருடம் என் பழியைச் சுமந்திருக்கிறார்.

திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு போதும்னு சொன்னது நான்தாம்மா" என்றார்.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டையும் போடச் சொன்னார். அது வராது சார் என்று சொன்னது நான்.

ஒரே ஒரு தடவை கத்தி வைத்துப் பார்த்துவிட்டு.