துணைக்கு ஓர் ஆள்

வேன் டிரைவர் மறுபடியும் ஹார்னை அழுத்தினார். பாலர் பள்ளி மதிலில் உட்கார்ந்திருந்த காகங்கள்கூடப் பறந்துவிட்டன. கூட்டிப் போக வேண்டிய பெண்ணைத்தான் இன்னும் காணோம். முன் சீட்டில் அவருடைய நாலு வயது மகன் பொம்மைக் காரின் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்தான். ஹார்ன் அடிக்கும்போது மட்டும் அவர் மகன் பக்கம் பார்க்கவில்லை.

டீச்சர் அந்த இளம்பெண்ணைத் தள்ளாத குறையாக அழைத்து வந்தார்.

"இது ஒரு வாயில்லாப் பூச்சிண்ணா. ஒரு புள்ள விஷயமாக் குடும்ப உதவி மையத்துக்குப் போகணும், தனியா அனுப்ப எனக்கு மனசு வரல. நீங்க உள்ள வரைக்கும் துணைக்குப் போங்க."

"அங்கெல்லாம் எனக்குப் பேசத் தெரியாது டீச்சர்."

"பேசவே வேணாம். பக்கத்துல உக்காந்தாப் போதும். பையனும் உங்ககூடவே இருக்கட்டும்."

அந்த மையத்தின் பேரைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பையனை ஒரு தடவை அங்கே காட்டுங்கள், காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அவர்களே வழி செய்வார்கள் என்று டீச்சர் பார்க்கும்போதெல்லாம் ஓதிக்கொண்டிருந்தார். மனைவியும் சேர்ந்து நச்சரித்தாள். "எங்கப்பாவே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு. எம்புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல" என்று இருவர் வாயையும் அடைத்துவிட்டார்.

ஆனால் அடுத்தவருக்கு ஒரு உதவி என்றால் மனிதருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. வண்டியைக் கிளப்பினார்.

சிக்னலில் நிற்கும்போது பின்னால் திரும்பிக் கேட்டார். "பையனாம்மா, பொண்ணா?"

அவள் முன் சீட்டை ஒரு தடவை பார்த்தாள். "பையன்தாண்ணா."

"என்ன வயசு?"

"நாலு... நாலு இருக்கும்."

பெற்ற பிள்ளையின் வயதே மறந்துபோகும் அளவுக்குப் பயந்து கிடக்கிறாளே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

மையத்தின் வராந்தாவில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், தாகமில்லாமலே தண்ணீர் குடித்தார், ஜன்னல் வழியாக வேனை எட்டிப் பார்த்தார். அழைப்பு வந்ததும் மகன் கையைப் பிடித்தபடி அவளை முந்திக்கொண்டு அவரே உள்ளே போனார், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று.

அறையில் ஒரு விரிப்பு, அதன்மேல் கட்டைகள், பந்துகள். மகன் போய் அங்கே உட்கார்ந்துகொண்டான். ஆலோசகர் அம்மாள் அவனையே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க. குழந்தைகிட்ட என்ன கவனிச்சீங்க?"

அந்தப் பெண் பையின் வாரை முறுக்கினாள். ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. பொறுக்க முடியாமல் போனது டிரைவருக்குத்தான்.

"சொல்லும்மா. இவங்க என்ன கடிச்சா தின்னுடப் போறாங்க?"

அவள் தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

"இதுல என்னம்மா வெக்கம்? இதோ, என் பையன். இதுவரைக்கும் அப்பான்னு ஒரு வார்த்த கூப்பிட்டதில்ல. நான் சொல்லல?"

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பமாட்டான். ஒரு நாள் வேன் பக்கத்துல நிக்க வச்சு ஹார்ன் அடிச்சுப் பாத்தேன். அசையல மேடம். அவனப் பாத்துக்கிட்டே இன்னொரு தடவ அடிக்க எனக்குத் தைரியம் வரல. என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல."

எந்த இடத்தில் ஆலோசகர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆலோசகர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கே காது பரிசோதனைக்கு ஏற்பாடு பண்றேன். நானும் கூட வரேன். இந்த வயசுல பாத்தா நிறையச் செய்ய முடியும். உங்க மனைவியையும் கூட்டிட்டு வாங்க. வருவீங்கல்ல?"

"வரேன் மேடம். கண்டிப்பா வரேன்."

மகன் தவழ்ந்து வந்து அப்பாவின் செருப்பின்மேல் காரை ஏற்றி ஓட்டினான். சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் துணைக்கு வந்த வேலை அவருக்கு ஞாபகம் வந்தது. கூச்சத்தோடு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"என் கதையப் பேசி உன் நேரத்த எடுத்துக்கிட்டேன் பாரு. இப்ப நீ சொல்லும்மா. உன் பையனுக்கு என்ன?"

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, உதட்டில் மட்டும் சிரிப்பு.

"டீச்சர் எங்கக்கா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணா."