ஞாயிற்றுக்கிழமைக் கேன்

யூட்டாவின் அந்தச் செம்பாறை ஊரில், பள்ளத்தாக்குப் பயணம் கிளம்புகிறவர்கள் வழியில் முன்னதாகவே தண்ணீர்க் கேன்களைப் புதைத்துவிட்டு வருவார்கள். ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் இருக்கும். அடுத்தவர் கேனை, நாக்கு வறண்டு செத்தாலும் யாரும் தொடமாட்டார்கள். ராய்ஸ் இரண்டு வருடத்துக்கு முன் தொட்டான். வெர்னாவின் தம்பி டெல், தோண்டிய குழியருகே, காலியாகிக் கிடந்த தன் கேனைக் கட்டிக்கொண்டு செத்துக் கிடந்தான்.

இன்று காலை ராய்ஸ், தண்ணீர்க் கேன் விற்கும் வெர்னாவின் கடைக்கே வந்து வரைபடத்தை விரித்தான்.

“வியாழக்கிழமை கிளம்புறேன், நாலு நாள். நாலு கேன் குடு வெர்னா, இன்னிக்கே புதைச்சிடறேன். இன்னுமா என்மேல கோபம்?”

“கோபப்பட்டு என்னத்தக் கண்டேன்? கடைசி கேன் எங்க வைக்கிற?”

“டெல் வச்ச அதே வளைவுலதான். அங்க வேற நிழல் ஏது?”

அவள் உள்ளே போய் நான்கு கேன்களை நிரப்பி, மூடி முத்திரையிட்டு, பெயரும் தேதியும் எழுதினாள். நிமிர்ந்தபோது ஐந்து இருந்தன. ஐந்தாவதில் ராய்ஸின் பெயரும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியும், டெல்லின் கோணல் கையெழுத்தில். முத்திரை பிரியவில்லை. பிளாஸ்டிக் வழியே பார்த்தாள், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தூக்கினாள். நிரம்பிய கேனைப் போலவே கனத்தது.

தான் எழுதிய ஞாயிற்றுக்கிழமைக் கேனை வெர்னா தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். மற்ற நான்கையும் வெயில் படாதபடி, கழுத்து மட்டும் தெரிய, சாக்கில் சுற்றித் தைத்து அவன் வண்டியில் ஏற்றினாள்.

“எண்ணிட்டியா?” என்றான் ராய்ஸ்.

“நாலும் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கானது அடியில இருக்கு. அத நல்லா ஆழமாப் புதை.”