பெயர் கூப்பிடும் நேரம்

நாலு மணி வெயில் காலி நாற்காலிகளில் விழுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் சபைப் பெண்கள் சங்கத்தில் இன்று செயலாளரம்மா மட்டும்தான் வந்திருக்கிறாள். “கூட்டம் நடக்கலைன்னா அறையைப் பாடகர் குழுவுக்குக் குடுக்கணுமாம். குடுத்துடட்டுமாக்கா?” என்கிறார் சர்ச் காவலாளி. “நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?” பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டவர் எழுந்து ஒரு வேத வசனம் சொல்வது இங்கே வழக்கம். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், ஒரு வசனம் சொல்லும் நேரம் காத்திருக்கிறாள். தையல் மெஷின்கள் உறை போர்த்தி நிற்கின்றன. கடைசியாகத் தன் பெயரைக் கூப்பிட்டு, எழுந்து நிற்கிறாள். முப்பது வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறாளே தவிர, பதில் சொன்னதில்லை. எந்த வசனமும் நாக்குக்கு வரவில்லை. “வந்திருக்கேன்” என்று மட்டும் நாற்காலிகளிடம் சொல்லிவிட்டு உட்காருகிறாள்.